25 சென்ட் மருத்துவமனை



'மனநலமும் சமூகநீதியும்' என்று தலைப்பு கொடுத்திருக்கிறீர்கள். பொதுவாகப் பேசிவிட்டுப் போவதைவிட, ஒரு மனநல மருத்துவரின் வேலையை எடுத்துக்கொண்டு பேசலாம் என்று நினைக்கிறேன். அவர் பெயர் பிரெட்ரிக் வெர்த்தாம். 1895இல் ஜெர்மனியில் பிறந்து, 1922இல் அமெரிக்காவுக்கு வந்தவர். குற்றம் சாட்டப்பட்ட கறுப்பின மக்களுக்காக நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல அன்றைக்கு முன்வந்த மிகச் சில மனநல மருத்துவர்களில் ஒருவர்.

நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமில் ஒரு மனநல மருத்துவமனை தொடங்க அவர் பல இடங்களில் நிதி கேட்டார். கிடைக்கவில்லை. கடைசியில் 1946 மார்ச்சில், புனித பிலிப் தேவாலயம் தன் கட்டடத்தின் அடித்தளத்தில் கொடுத்த இரண்டு அறைகளில், எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட்டின் துணையோடு அதைத் தொடங்கினார். வாரத்தில் இரண்டு மாலைகள் மட்டும். மருத்துவர்களும் சமூகப் பணியாளர்களும் சம்பளம் வாங்கவில்லை. வைத்த பெயர் லஃபார்க் மருத்துவமனை. பால் லஃபார்க், கியூபாவில் பிறந்து மருத்துவம் படித்தவர், கறுப்பின மூதாதையரைக் கொண்டவர், கார்ல் மார்க்சின் மருமகன். கம்யூனிச வேட்டை தொடங்கவிருந்த அமெரிக்காவில் இந்தப் பெயரை வைக்கத் துணிச்சல் வேண்டும்.

அங்கே கட்டணம் 25 சென்ட். நீதிமன்றத்துக்கு வந்து சாட்சி சொல்ல வேண்டுமென்றால் 50 சென்ட். இல்லாதவர்கள் கொடுக்க வேண்டியதில்லை. இதில் அந்த 50 சென்ட்தான் என் கவனத்தை இழுத்தது. தன்னிடம் வருகிறவர்களில் பலரை நாளைக்குப் போலீசும் நீதிமன்றமும் இழுத்தடிக்கும் என்று தெரிந்த மருத்துவமனை அது. சாட்சி சொல்வதையும் சிகிச்சையோடு சேர்த்தே வைத்திருந்தது.

அந்தச் சாட்சி 1951இல் பெரிய வழக்கு ஒன்றுக்குத் தேவைப்பட்டது. டெலவேர் மாநிலத்தில் ஹொக்கெசின் என்ற ஊரில் ஷெர்லி புலா என்ற சிறுமி. வெள்ளையினக் குழந்தைகளை ஏற்றிய பள்ளிப் பேருந்து அவள் வீட்டைக் கடந்தே போகும். அவளை ஏற்றாது. ஒரே அறை கொண்ட கறுப்பினப் பள்ளிக்குத் தாய் சாரா புலாதான் தினமும் காரில் கொண்டுபோய் விட வேண்டும். சாரா முதலில் கேட்டது பேருந்து மட்டும்தான். "பேருந்துக்காக வழக்குப் போட மாட்டேன், பள்ளிப் பிரிவினையையே எதிர்ப்பதானால் நடத்துகிறேன்" என்ற நிலையெடுத்தார் கறுப்பின வழக்கறிஞர் லூயி ரெடிங். கிளேமான்ட் ஊர்ப் பெற்றோரும் வழக்குத் தொடுத்தார்கள்.

டெலவேர் குழந்தைகள் ஹார்லெமுக்கு அழைத்து வரப்பட்டார்கள். கறுப்பினக் குழந்தைகளை மட்டுமல்ல, வெள்ளையினக் குழந்தைகளையும் வெர்த்தாம் பரிசோதித்தார். இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒடுக்கப்பட்டவரின் மனதை மட்டும் மேசைமேல் கிடத்தி, 'பாருங்கள், எப்படிச் சிதைந்திருக்கிறது' என்று காட்டும் ஆய்வுகள் ஏராளம். பிரித்து வைக்கும் ஏற்பாடு பிரிக்கிற பக்கத்துக் குழந்தையை என்ன செய்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. கட்டடமோ புத்தகமோ அல்ல, அரசே பிரித்து வைக்கிறது என்பதுதான் குழந்தையின் மனநலத்தைக் கெடுக்கிறது என்று அவர் சாட்சியளித்தார்.

நீதிபதி காலின்ஸ் சைட்ஸ் 1952இல் அந்தக் குழந்தைகளை வெள்ளையினப் பள்ளிகளில் சேர்க்க உத்தரவிட்டார். அந்த செப்டம்பரிலேயே கிளேமான்ட் பள்ளிக்குள் கறுப்பின மாணவர்கள் நுழைந்தார்கள். 1954இன் புகழ்பெற்ற பிரவுன் தீர்ப்பில் ஒன்றிணைந்த ஐந்து வழக்குகளில், கீழ் நீதிமன்றத்தில் குழந்தைகளுக்குப் பள்ளிக் கதவைத் திறந்தது டெலவேர் மட்டுமே.

நம் வளாகங்களுக்கு வருவோம். ஒரு தலித் மாணவர் இறந்துபோனால் நிர்வாகம் உடனே 'ஆலோசனை மையம் திறக்கிறோம்' என்கிறது. திறக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஆலோசகருக்குச் சம்பளம் கொடுப்பது யார்? ஆய்வு நெறியாளர் சாதி சொல்லி அவமதித்தார் என்று மாணவர் சொன்னால், அதை விசாரணைக் குழு முன்னால் வந்து அவர் சொல்வாரா? இல்லை, மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்து அனுப்பிவிடுவாரா?

வெர்த்தாமைப் புனிதராக்கவும் எனக்கு விருப்பமில்லை. உலகம் அவரை நினைவில் வைத்திருப்பதே காமிக்ஸ் புத்தகங்கள் குழந்தைகளைக் கெடுக்கின்றன என்று 1954இல் எழுதிய நூலுக்காகத்தான். அவருடைய ஆவணங்களை ஆராய்ந்த கேரல் டில்லி, அந்த நூலில் அவர் குழந்தைகளின் வாக்குமூலங்களைத் திரித்திருந்ததை 2012இல் வெளிப்படுத்தினார். அவற்றில் லஃபார்க்குக்கு வந்த குழந்தைகளின் பேச்சும் அடக்கம். நம்பி வந்து பேசிய ஏழைக் குழந்தையின் சொல்லை, தன் வாதத்துக்கு ஏற்றபடி வெட்டி ஒட்டியிருக்கிறார். நம் மக்களிடம் பேட்டி எடுத்து முனைவர் பட்டம் வாங்கப் போகிற என்னைப் போன்றவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போக முடியாது.

12 ஆண்டுகள் நடந்த மருத்துவமனை 1958இல் மூடப்பட்டது. நேரமாகிவிட்டது என்று சீட்டு வந்திருக்கிறது. கேள்விகள் இருந்தால் பேசலாம்.