கப்பல் பெட்டியும் அமானத்தும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

 

பள்ளிவாசலின் பொருள்களைப் பாதுகாக்க, அதிகம் பயன்படுத்தப்படாத இருபது அடிக் கப்பல் கண்டெய்னர் ஒன்றை வாங்குவது என்னும் தீர்மானம் இன்று உங்கள் முன் வைக்கப்பட்டுள்ளது. இரும்புப் பெட்டி வாங்குவதைப் பற்றி இமாம் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணலாம். வாங்கப்போவது பெட்டிதான், ஆனால் கொடுக்கப்போவது உங்கள் நன்கொடை. அதில் வைக்கப்போவது அல்லாஹ்வின் இல்லத்துப் பொருள். எனவே இது அமானத்தைப் பற்றிய பேச்சாகும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையை நாம் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவாயிற்று. நம் பள்ளியின் பழைய சாமான் அறையிலும் வெள்ளம் புகுந்தது. தொழுகைப் பாய்கள், கஃபன் துணிகள், மக்தப் பிள்ளைகளின் கிதாபுகள் யாவும் சேற்றில் ஊறின. நோன்புக் கஞ்சி காய்ச்சும் தேக்சாக்களும் சந்தூக்கும் மட்டுமே மிஞ்சின. ஆகவே பாதுகாப்பான இடம் தேவை என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

1956ஆம் ஆண்டு அமெரிக்காவின் நெவார்க் துறைமுகத்திலிருந்து 58 பெட்டிகளுடன் ஒரு கப்பல் ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. இன்றைய கண்டெய்னர் வணிகத்திற்கு அதுவே தொடக்கமாகக் கருதப்படுகிறது. இப்போது பெரும்பாலான பெட்டிகள் சீனாவில் செய்யப்படுகின்றன. புதிய பெட்டியை வெறுமையாக அனுப்பாமல், ஒரு முறை சரக்கேற்றி அனுப்பி, சென்றடைந்த ஊரில் விற்றுவிடுவதும் உண்டு. அதனையே 'ஒரு பயணப் பெட்டி' என்கிறார்கள். பல ஆண்டுகள் கடலில் அலைந்த பெட்டியை விட விலை கூடுதல். ஆயினும் நெடுங்காலம் உழைக்கும்.

இங்கு என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் முன்பு பணியாற்றிய ஊரில் மதரஸாவுக்காக ஒரு கண்டெய்னர் வாங்கினோம். 'புதியது போன்றது' என்றார் விற்றவர். பளபளக்கும் நீல வண்ணம், விலையும் குறைவு. வாங்கலாம் என்று கூறியவர்களில் நானும் ஒருவன். முதல் மழைக்காலத்திலேயே கூரையின் ஓரத்தில் வண்ணம் உரிந்து துளைகள் தெரிந்தன. ஏழைகளுக்கென மக்கள் அளித்த ஃபித்ரா அரிசி மூட்டைகள் நனைந்து புழுத்துப் போயின. உரியவர்களின் கையில் அதை எப்படிக் கொடுப்பது? நிர்வாகிகள் தம் கைப்பணத்தில் வேறு அரிசி வாங்கிக் கொடுத்தார்கள். அந்த வெட்கம் இன்னும் என் நெஞ்சை விட்டு அகலவில்லை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டதாக வணிகர் கூறினார். மக்கள் காணும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட பெருமானார், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என எச்சரித்தார்கள். துருவின்மேல் பூசிய வண்ணமும் நனைந்த தானியத்தை மூடிய உலர்ந்த தானியமும் ஒன்றே. விற்பவர் மறைக்கக் கூடாது என்பது ஒரு பாடம். பொதுப்பணத்தில் வாங்குபவர் கையை உள்ளே நுழைத்துப் பார்க்க வேண்டும் என்பது மற்றொரு பாடம்.

எவ்வாறு பார்ப்பது? கதவில் ஓர் உலோகத் தகடு பொருத்தப்பட்டிருக்கும். செய்யப்பட்ட மாதமும் ஆண்டும் அதில் இருக்கும். நான்கு எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் கொண்ட பெட்டியின் எண், கதவிலும் பக்கங்களிலும் விற்பனைச் சீட்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு, நண்பகலில் ஒருவர் உள்ளே சென்று கதவுகளை மூடச் செய்து பார்க்க வேண்டும். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அங்கே துளை உண்டு. அப்போது நம்பிக்கையான ஒருவர் வெளியில் நிற்பது அவசியம்; கதவு வெளியிலிருந்துதான் திறக்கும். கதவைச் சுற்றியுள்ள ரப்பர், தரைப் பலகை, பெட்டியின் அடிப்புறம் ஆகியவற்றையும் விடாமல் பார்க்க வேண்டும். துறைமுகத்தில் பணிபுரிந்த சகோதரர்கள் நம் மஹல்லாவில் இருக்கிறார்கள். அவர்களில் இருவரை அழைத்துச் செல்லுங்கள்.

இன்னொன்று மிக முக்கியம். சரக்குடன் வரும் வெளிநாட்டுக் கண்டெய்னர்கள், திரும்ப அனுப்பப்படும் என்னும் நிபந்தனையின் பேரில் சுங்கவரியின்றி உள்ளே விடப்படுகின்றன. இங்கேயே விற்பதாயின் வரி செலுத்தியாக வேண்டும். அதற்கான சான்றைக் காட்டாதவரிடம் பாதி விலைக்குக் கிடைத்தாலும் நமக்கு வேண்டாம். பள்ளிவாசலுக்குள் சந்தேகத்திற்குரிய பொருள் நுழையலாகாது.

வாங்கிய பின்னும் கடமை தீர்ந்துவிடாது. பெட்டியின் பாரம் முழுவதையும் நான்கு மூலைகளே தாங்குகின்றன. எனவே மூலைகளில் உறுதியான கான்கிரீட் மேடை வேண்டும். அது 2023 வெள்ளம் வந்த உயரத்திற்கு மேல் இருக்க வேண்டும். முழங்காலளவு நீர் சூழ்ந்தாலே வெற்றுப் பெட்டி மிதக்க முற்படும். ஆகையால் மேடையோடு பிணைத்துவிட வேண்டும். பகல் வெப்பமும் இரவுக் குளிர்ச்சியும் மாறி வருகையில் உள்கூரையில் நீர் கோர்த்துச் சொட்டும்; காற்றோட்டம் தடைபடக் கூடாது. தரைப் பலகையில் பூச்சிகொல்லி மருந்து ஏற்றப்பட்டிருப்பது வழக்கம். எனவே அரிசி மூட்டைகளை நேரே தரையில் வைக்காமல் மரச்சட்டங்களின் மேல் அடுக்க வேண்டும். பிள்ளைகள் அதனுள் நுழைந்து விளையாட ஒருபோதும் இடந்தரக் கூடாது. சாவி எவரிடம் உள்ளது என்பதும், என்ன பொருள் உள்ளது என்பதும் பதிவேட்டில் இருக்கட்டும்.

இறுதியாக, இச்செலவுக்கு ஸகாத் நிதியிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்க வேண்டாம். அது ஏழைகளின் உரிமை. பொது நன்கொடையிலிருந்து மட்டுமே செலவிட்டு, அடுத்த ஆண்டறிக்கையில் கணக்கைத் தனியே வெளியிடுமாறு நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த நிபந்தனைகளுடன் தீர்மானத்தை நான் மனமார ஆதரிக்கிறேன். மறுமையில் நம்மிடம் விசாரிக்கப்படும் அமானத்துகளில் இந்தப் பெட்டியும் ஒன்றாக இருக்கும். அக்கேள்விக்குத் தலைகுனியாமல் விடை சொல்லும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.