வலி வந்த பிறகு யோசிக்க நேரமிருக்காது

(ஆண்டிமடத்தில் நடந்த தாய்மார் நலக் கூட்டத்தில் நமது அறக்கட்டளை சார்பில் ஆற்றிய உரை)





ஒரு பரிசோதனைத் தாளைப் பற்றிப் பேசத்தான் இன்று வந்திருக்கிறோம். வெளியூரில் தனியார் மருத்துவமனையில் காட்டும் நம் பெண்கள் சிலருக்கு ஒன்பதாம் மாதத்தில் அந்தத் தாள் வருகிறது. 'ஜி.பி.எஸ். பாசிட்டிவ்' என்று எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டு அழுத பெண்ணையும் பார்த்திருக்கிறோம், கணவரிடம் காட்ட வெட்கப்பட்டு ஒளித்து வைத்த பெண்ணையும் பார்த்திருக்கிறோம்.

முதலில் அந்த வெட்கத்தைப் போக்கிவிடுவோம். குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்பது குடலிலும் பிறப்புறுப்பிலும் தானாக வந்து தங்கும் ஒரு கிருமி. உலக அளவில் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரிடம் இருக்கிறது. தாய்க்கு பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் தராது. சுத்தக் குறைவால் வருவதல்ல. தவறான உறவால் வரும் நோயும் அல்ல. கணவருக்கு வைத்தியம் தேவையில்லை. சகோதரர்கள் இதைக் காதில் நன்றாக வாங்கிக்கொள்ள வேண்டும்.

கவலை குழந்தையைப் பற்றியது. பிறக்கும் வழியில் கிருமி குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளலாம். மருந்து கொடுக்காவிட்டால், இந்தக் கிருமி உள்ள நூறு தாய்மாரின் குழந்தைகளில் ஒன்றோ இரண்டோ நோய்ப்படும் என்பது மேல்நாட்டுக் கணக்கு. நம் நாட்டில் இது குறைவாகவே பதிவாகியிருக்கிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் தங்கள் பத்தாண்டு அனுபவத்தை 1999இல் வெளியிட்டபோது, ஆயிரம் பிறப்புக்கு ஒன்றுக்கும் கீழேதான் இருந்தது. ஆனால் வந்த குழந்தைக்கு அது இரத்தத்திலும் நுரையீரலிலும் மூளை உறையிலும் பரவும். உயிரே போகலாம்.

இங்கிலாந்தில் எல்லாக் கர்ப்பிணிக்கும் இந்தப் பரிசோதனை செய்வதில்லை. அமெரிக்காவில் 2002 முதல் எல்லோருக்கும் செய்கிறார்கள். அங்கே தொண்ணூறுகளில் தொடங்கிய பிரசவ நேர மருந்தால், பிறந்த முதல் வாரத்தில் வரும் இந்த நோய் எண்பது சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது.

மருந்து ஒன்றும் புதிதல்ல, பழைய பென்சிலின்தான். பிரசவ வலி தொடங்கியதும் நரம்பில் 50 லட்சம் யூனிட் ஏற்றுவார்கள். பிறகு குழந்தை பிறக்கும் வரை நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை அதில் பாதி அளவு. ஆம்பிசிலினும் கொடுப்பதுண்டு. "இப்போதே மாத்திரை போட்டு முடித்துவிடலாமே?" என்று ஒரு மாமியார் எங்களிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் முன்கூட்டி மாத்திரை போட்டால் பிரசவத்துக்குள் கிருமி திரும்பி வந்துவிடுகிறது. சிறுநீரிலேயே இந்தக் கிருமியால் தொற்று இருந்தால் மட்டும் உடனே வைத்தியம் செய்து, பிரசவத்திலும் மருந்து கொடுப்பார்கள்.

குழந்தை பிறப்பதற்குக் குறைந்தது நான்கு மணி நேரம் முன்பாவது முதல் மருந்து ஏறியிருந்தால்தான் முழுப் பலன். நம் ஊருக்கு இதுதான் முக்கியமான செய்தி. "வலி முற்றட்டும், இப்போதே போய் என்ன செய்வது?" என்று வீட்டில் உட்கார வைப்பது நம் பழக்கம். இரண்டாம், மூன்றாம் பிரசவம் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆண்டிமடத்திலிருந்து ஜெயங்கொண்டம் வழியாக அரியலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்ச் சேரவே ஒரு மணி நேரம் ஆகிவிடும். ஆகவே பாசிட்டிவ் என்று வந்த பெண், வலி தொடங்கியதுமே கிளம்ப வேண்டும். பன்னீர்க்குடம் உடைந்தால் வலிக்காகக் காத்திருக்கவே கூடாது. 108க்கு அப்போதே சொல்லிவிடுங்கள்.

மருந்து வேண்டுமா என்பதை அந்தப் பெண்தான் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். எங்களைக் கேட்டால், போட்டுக்கொள்வதே நல்லது என்போம். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட வேண்டும். முன்பு பென்சிலின் ஊசியில் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் அதை இப்போதே சொல்ல வேண்டும். மாற்று மருந்து இருக்கிறது. இதற்காக ஆபரேஷன் தேவையில்லை. வலி வருமுன், பன்னீர்க்குடம் உடையுமுன் நடக்கும் சிசேரியனாக இருந்தால் இந்தக் கிருமிக்கென்று தனி மருந்து வேண்டாம். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம்.

"அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று ஒரு வீட்டில் சொன்னார்கள். நிச்சயமாக. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத் அல்லவா நாம்?

பரிசோதனையே செய்யாதவர்கள் பயப்பட வேண்டாம். 37 வாரத்துக்கு முன்பே வலி வந்தாலோ, பன்னீர்க்குடம் உடைந்து 18 மணி நேரம் கடந்தாலோ, பிரசவத்தில் காய்ச்சல் அடித்தாலோ, முந்தைய குழந்தைக்கு இந்த நோய் வந்திருந்தாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள். தாள் இல்லாமலே மருந்து தொடங்குவார்கள்.

அந்தத் தாளை பீரோவில் வைக்காதீர்கள். கர்ப்பிணி அட்டையோடு சேர்த்துப் பின் அடித்து, பிரசவப் பையில் வையுங்கள். லேபர் வார்டில் நுழைந்ததும் செவிலியர் கையில் கொடுங்கள். கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பிள்ளை பிறந்த பிறகும் பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, முனகினாலோ, உடல் சுட்டாலோ சில்லிட்டாலோ, விடியட்டும் என்று பார்க்காமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மருந்து போட்டுக்கொண்ட தாய்மாருக்கும் இது பொருந்தும். ஒரு வாரம் கழித்து வரும் நோயை அந்த மருந்து தடுப்பதில்லை.

உங்களுக்குக் கேள்வி இருந்தால், ஆலிமாவிடம் எழுதிக் கொடுங்கள். பெயர் எழுத வேண்டாம்.