சேவை மையத்துப் பிள்ளைக்கு யார் முதலாளி?

பாடாங் மேஹாவில் ஆற்றிய உரை



பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைக்கு மனு, சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருக்கும் பாட்டிக்குக் குடியுரிமைப் பாரம், எதுவானாலும் சேவை மையத்துக்குத்தான் ஓடுகிறோம். ஒய்.பி.யை அங்கே பார்ப்பது அபூர்வம். பாரத்தை நிரப்பி, நம்மோடு பதிவு இலாகாவில் கால்கடுக்க நிற்பது அங்கே வேலை செய்யும் பிள்ளைகள். அவர்களில் நம் தோட்டத்துப் பிள்ளைகளும் உண்டு.

அவர்கள் பொதுவாக நிரந்தர அரசாங்க ஊழியர்கள் அல்லர், ஒய்.பி. நியமிக்கும் ஆட்கள். அவர் தோற்றால் வேலை போச்சு. 2022 அக்டோபர் 10-இல் நாடாளுமன்றம் கலைந்தது. நம் பாடாங் செராயில் வேட்பாளர் எம். கருப்பையா நவம்பர் 16-இல் காலமானார்; வாக்களிப்பு டிசம்பர் 7-க்குத் தள்ளிப்போனது. இப்படி இரண்டு மாதம் தொகுதிக்கு உறுப்பினரே இல்லாதபோது, ஒரு மையத்து ஊழியர் யாரிடம் சம்பளம் கேட்பார்?

"இது சேவைதானே, அலவன்ஸ் போதாதா?" என்பார்கள். சேவை என்று பெயர் வைத்தால் சட்டம் ஓடிவிடுமா? 2023 ஜனவரி 1 முதல், 1955 வேலைச் சட்டம் எல்லாச் சம்பள நிலையினருக்கும் விரிவாக்கப்பட்டது. வாரத்துக்கு 45 மணி நேரம். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட், ஐந்து பேருக்குக் குறைவான இடங்களுக்கும் 2025 ஆகஸ்டு 1 முதல். 5,000 ரிங்கிட் வரை சம்பளத்துக்கு முதலாளி 13 விழுக்காடு இ.பி.எஃப். கட்ட வேண்டும். சொக்சோ தனி. தோட்டத்து மேனேஜரிடம் கேட்பதை நம் இனத்து ஒய்.பி.யிடமும் கேட்க வேண்டும். சங்கடமாகத்தான் இருக்கும், கேளுங்கள்.

ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு முன் வாசியுங்கள். தவணை முடிந்து வேலை போனால் சொக்சோவின் வேலையிழப்புக் காப்புறுதி கிடைக்காது. இடையில் ஆட்குறைப்பு செய்தால் கிடைக்கும், சந்தா கட்டியிருந்தால்.

பிரிட்டனில் 2010 முதல் எம்.பி. உதவியாளர்களின் சம்பளத்தை இப்ஸா என்ற தனி ஆணையம் கொடுக்கிறது. சம்பளப் படிகளும் அது வகுத்தவை. இங்கே 2025-இல் மக்களவை நிறைவேற்றிய நாடாளுமன்றச் சேவை மசோதா நாடாளுமன்றத்தின் சொந்த ஊழியர்களைப் பற்றியது. லுனாஸிலோ குலிமிலோ மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அதில் ஒன்றுமில்லை.

அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருபவர் எந்தக் கட்சியானாலும் கேளுங்கள்: உங்கள் மையத்து ஊழியருக்குச் சம்பளச் சீட்டு உண்டா? நீங்கள் தோற்றால் அவருடைய நோட்டீஸ் பணம் எங்கிருந்து வரும்?