கல்லறையும் வகுப்பறையே!

நடுவர் அவர்களே! "பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போகக் கல்லறைதானா கிடைச்சுது?" என்று எதிரணி அம்மையார் கேட்டாங்க. ஆமாம்மா! சென்னை நந்தம்பாக்கத்தில் 1952-இல் அமைந்த போர்க் கல்லறைக்குத்தான் போகணும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மாண்ட 800-க்கும் மேற்பட்ட படையினர் அங்கே துயில்கிறார்கள். கல்லிலே பெயரோடு பலருக்கு வயதும் இருக்கும். 'அட, நம்ம அண்ணன் வயசு!' என்று பையனுக்கு நெஞ்சில் உறைக்குமே, அதைப் பாடப்புத்தகம் தருமா?

ஆனால், முறையோடு போகணும். முன்அனுமதி, குடிதண்ணீர், தொப்பி வேணும். சாலையில் ஆசிரியர் முன்னும் பின்னும் நிக்கணும். இறங்கும்போதும் ஏறும்போதும் தலை எண்ணணும். கல்லில் சாயக்கூடாது, பூப் பறிக்கக்கூடாது. யாராவது அஞ்சலி செலுத்த வந்தால் ஒதுங்கணும். இழவு வீட்டில் குரலைத் தாழ்த்துகிறோமே, அதே பண்புதான்!

மாண்டவரை மதிக்கப் பழகிய பிள்ளை, வாழ்கிறவரை மிதிக்காது ஐயா!