லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்?



நான் படப்பையில் குடியிருப்பவன். படப்பை என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் வீட்டை அடுத்த தோட்டம் என்று பொருள். கொல்லை என்றும் கூறலாம். இன்று எங்கள் ஊரை அடுத்த கொல்லையில் விளைவன மோட்டார் வண்டிகளே. மேற்கே ஒரகடத்தில் ரெனோ - நிஸான் தொழிற்சாலை 2010ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. வடக்கே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1998 முதல் கார்களைச் செய்து வருகிறது. புத்தம் புதிய வண்டிகளை இரண்டு அடுக்காகச் சுமந்து செல்லும் நீண்ட லாரிகளை எங்கள் தெருப் பிள்ளைகள் எண்ணி விளையாடுவார்கள். அவ்வண்டிகளுள் ஒரு வகையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

ஜீப்பைப் போல உயர்ந்து நிற்கும். ஆனால் அடியில் ஜீப்புக்குரிய கனமான இரும்புச் சட்டம் இராது. உடலும் சட்டமும் ஒன்றாக, காரைப் போலவே கட்டப்பட்டிருக்கும். இதனைக் ‘கிராஸோவர்’ என்கிறார்கள். கடைவீதியில் எல்லாவற்றுக்கும் எஸ்.யு.வி. என்ற ஒரே பெயர்தான். ஒரகடத்தில் செய்யப்பெற்று 2012இல் விற்பனைக்கு வந்த டஸ்டரும், இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 2015இல் வந்த கிரெட்டாவும் இவ்வகையில் நடுத்தர அளவின. 2024இல் வந்த கிரெட்டாவை எடுத்துக்கொண்டால், கையால் கியர் மாற்றும் சாதாரணப் பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 17.4 கிலோமீட்டரும், டீசல் வண்டி 21.8 கிலோமீட்டரும் ஓடும் என்று சோதனை எண்கள் கூறின. இந்தப் புள்ளிக்குப் பின்னுள்ள இலக்கத்தைப் பாருங்கள். எவ்வளவு உறுதியோடு நிற்கிறது!

என் தமக்கை மகன் ஒருவன் இத்தகைய டீசல் வண்டி ஒன்றைக் கடனுக்கு வாங்கினான். எந்த நிறுவனத்தின் வண்டி என்று நான் சொல்லப்போவதில்லை. நான் கூறப்போவது எல்லா வண்டிக்கும் பொருந்தும். ஒரகடத்துத் தொழிற்சாலை அதிகாரிகளை மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு அழைத்துச் செல்வதும் அழைத்து வருவதும் அவன் தொழில். மாதம் 3,000 கிலோமீட்டர் ஓட்டம். சான்றிதழில் லிட்டருக்கு 20 என்று இருந்தது. ஆகவே மாதம் 150 லிட்டர் போதும் என்று கணக்கிட்டு, அதன்மேல் கடன் தவணையையும் வீட்டுச் செலவையும் வைத்து, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ஓராண்டுக்கு வாடகை பேசிக் கையெழுத்திட்டுவிட்டான்.

மூன்று மாதம் கழித்து முகம் வாடி வந்தான். லிட்டருக்குப் பதினான்குதான் கிடைக்கிறது என்றான். அப்படியானால் மாதம் 214 லிட்டர். கூடுதலாகச் செல்வது 64 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 5,900 ரூபாய். அவன் கையில் மிஞ்ச வேண்டிய பணம் பெரும்பாலும் இதுதான்.

“மாமா, அச்சிட்ட எண் பொய்யா? அல்லது வண்டியில் கோளாறா?” என்று கேட்டான்.

இரண்டும் இல்லை என்றே எனக்குத் தோன்றியது. ஆனால் தோன்றுவது விஞ்ஞானம் ஆகாது. எனவே முதலில் அந்த 20 எப்படிப் பிறந்தது என்று அவனுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

வண்டிகளைச் சோதித்துச் சான்றளிக்கும் நிலையங்களுள் பழமையானது 1966இல் புனேயில் தொடங்கப்பெற்றது. எங்கள் ஒரகடத்திலும் மத்திய அரசின் முயற்சியால் அமைந்த வாகன ஆராய்ச்சி மையம் ஒன்று உண்டு. இத்தகைய சோதனைச் சாலையில் வண்டி நகர்வதில்லை. அதன் சக்கரங்கள் பெரிய உருளைகளின்மேல் நின்று சுழல்கின்றன. காற்றும் தரையும் வண்டியை எவ்வளவு தடுக்கின்றன என்பதை முன்கூட்டியே வெளியில் அளந்துவிடுகிறார்கள். வண்டியை வேகமாக ஓட்டி, கியரை விடுவித்து, அது தானாகத் தளர்ந்து நிற்பதற்கு எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பார்கள். அதே தடையை உருளைகளில் ஏற்றிவிடுவார்கள். பிறகு ஓட்டுநர் திரையில் ஓடும் கோட்டைப் பார்த்து அதன்படி வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்ட வேண்டும்.

செலவான எண்ணெயை அளக்கும் முறைதான் அழகானது. படியால் அளப்பதில்லை. புகைக்குழாயில் வெளிவரும் வாயுவைப் பிடித்து, அதிலுள்ள கரியைக் கணக்கிடுகிறார்கள். எண்ணெயில் இருந்த கரி எங்கும் ஓடிப்போகாது. புகையில்தான் வந்தாக வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோகிராம் எடையே உடையது; அது எரிந்தால் 2.3 கிலோகிராம் அளவுக்குக் கரியமில வாயு உண்டாகிறது. எடை மும்மடங்கானது எவ்வாறு என்று உங்கள் இரசாயன ஆசிரியரைக் கேளுங்கள். காற்றிலிருந்து சேர்ந்த பிராணவாயுவைப் பற்றி அவர் சொல்வார்.

இனி, ஓட்டும் கோட்டுக்கு வருவோம். இந்தியச் சோதனை ஓட்டம் 1,180 விநாடி, அதாவது இருபது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. தூரம் பத்தரைக் கிலோமீட்டருக்குச் சிறிது கூடுதல். நகர்ப் பகுதி என்று ஒன்று நான்கு முறை திரும்பத் திரும்ப வரும்; அதில் உச்ச வேகம் 50. பிறகு நகர்ப்புறத்துக்கு வெளியே செல்வது போன்ற ஒரு பகுதி. அதன் உச்சம் 90. நின்ற நிலையிலிருந்து 50 கிலோமீட்டர் வேகத்தை அடைய ஓரிடத்தில் 26 விநாடி கொடுத்திருக்கிறார்கள். வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் 26 விநாடி எடுத்துக்கொண்டு ஒருவர் வேகம் பிடித்தால், பின்னால் வரும் ஷேர் ஆட்டோக்காரர் என்ன சொல்வார் என்பதை வானொலியில் சொல்ல இயலாது. அந்த ஓட்டத்தில் ஏ.சி. அணைந்திருக்கும். அறையின் வெப்பம் 20 முதல் 30 டிகிரிக்குள் இருக்கும். மேடில்லை, பள்ளமில்லை, மாடும் குறுக்கே வராது.

“அப்படியானால் அது ஏமாற்றுத்தானே மாமா?” என்றான் பிள்ளை.

இல்லையப்பா என்றேன். பத்து வண்டிகளைப் பத்து ஓட்டுநர் பத்துச் சாலைகளில் ஓட்டினால், வண்டியை அளந்தோமா, ஓட்டுநரை அளந்தோமா, சாலையை அளந்தோமா என்று தெரியாது. எல்லாவற்றையும் ஒன்றாக்கி, வண்டியை மட்டும் மாற்றிப் பார்ப்பதற்காக அமைந்தது அச்சோதனை. எந்த வண்டி குறைவாகக் குடிக்கும் என்று ஒப்பிட அது உதவும். உன் வண்டி உன் சாலையில் எவ்வளவு குடிக்கும் என்ற கேள்வியை அதனிடம் யாரும் கேட்கவே இல்லை. எனினும் அவ்வெண்ணை வாக்குறுதி போல விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவதை நான் ஒப்பவில்லை.

பிற நாட்டாரும் இதில் இடர்ப்பட்டவர்களே. அமெரிக்காவில் மக்கள் முறையிட்டதன் பேரில், 1985ஆம் ஆண்டு வண்டிகள் முதல், சோதனைச்சாலை எண்ணில் நகருக்கு 10 சதவிகிதமும் நெடுஞ்சாலைக்கு 22 சதவிகிதமும் கழித்தே சீட்டில் எழுதினார்கள். 2008 முதல் ஏ.சி. ஓடும் நிலையையும், கடுங்குளிரையும், அதிவேகத்தையும் சோதனையிலேயே சேர்த்தார்கள். ஐரோப்பாவின் கதை இன்னும் வியப்பானது. சோதனைக்கும் சாலைக்கும் இருந்த இடைவெளி 2001இல் சுமார் 9 சதவிகிதம். 2015இல் சுமார் 42 சதவிகிதம் என்று ஆராய்ச்சியாளர் கண்டனர். சாலைகள் பதினான்கு ஆண்டில் அவ்வளவு கெட்டுவிடவில்லை. தேர்வுக்கு ஏற்பப் படிக்கும் கலையை வண்டி செய்வோர் கற்றுக்கொண்டனர். 2017 முதல் அங்கே சோதனையை மாற்றிவிட்டார்கள். நம் நாட்டிலும் நகருக்கு ஓர் எண், நெடுஞ்சாலைக்கு ஓர் எண் என்று இரண்டு எண்களை அச்சிட்டால் நலம் என்பது என் எண்ணம்.

நிற்க. நாங்களே அளப்பது என்று முடிவு செய்தோம். ஒரே பங்க், ஒரே குழாய். டேங்க் நிரம்பிக் குழாய் தானாக நிற்கும்வரை டீசல் போடுவது, கிலோமீட்டரைக் குறிப்பது, மறுமுறை அதேபோல நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடிக்கிறதோ அதனால் ஓடிய தூரத்தை வகுப்பது. இதற்கு நாற்பது பக்கப் பள்ளி நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். முதல் கணக்கு: 612 கிலோமீட்டர், 43.5 லிட்டர், லிட்டருக்கு 14.1. வண்டியின் முகப்பில் மின்னும் எண்ணோ 15.2 என்று காட்டிற்று. அதை நம்பாமல் வகுத்துப் பார்த்தது நல்லதாயிற்று. ஒரே நிரப்பலை வைத்து முடிவு கட்டக் கூடாது. ஒரு முறை அரை லிட்டர் கூடக் குறைய நிற்கலாம். ஐந்து முறை பார்த்தோம். 13.4க்குக் கீழும் 14.8க்கு மேலும் போகவில்லை.

பின்னர் ஒரு ஞாயிறு விடியற்காலையில் வேலூர் சென்று வந்தோம். போக வர 220 கிலோமீட்டர். 75ஐத் தாண்டாமல் ஒரே சீராக ஓட்டினான். கிடைத்தது 19.6! அவனுக்கு நம்ப முடியவில்லை. சான்றிதழின் 20 அந்த வண்டிக்குள்ளேயே இருந்திருக்கிறது. படப்பைச் சாலைதான் அதை வெளியே விடவில்லை. மற்றொரு ஞாயிறு அதே வழியில் 100இல் ஓட்டியபோது 16.2 ஆயிற்று. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். 75க்கும் 100க்கும் உள்ள வித்தியாசம் மூன்றில் ஒரு பங்கு. தடையோ முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் உயரமான வண்டிக்கு இத்தடை தாழ்ந்த காரைவிட மிகுதி.

சரி, படப்பைச் சாலையில் எங்கே போகிறது டீசல்? ஆட்களோடு சேர்த்து 1,600 கிலோகிராம் எடையுள்ள வண்டி 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அதனிடம் உள்ள இயக்கச் சக்தியைக் கணக்கிடுங்கள். பாதி எடையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். சுமார் 1,54,000 ஜூல் வரும். டீசலின் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவே சக்கரத்தை அடையும் என்று கொண்டால், இதற்கு ஏறத்தாழ 15 மில்லிலிட்டர் டீசல் வேண்டும். பச்சைக் குழந்தைக்குச் சங்கில் பால் புகட்டுவோமே, அந்த அளவு. பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தினால் அந்தச் சங்கை அப்படியே கீழே கவிழ்த்துவிட்டோம். அது பிரேக்குத் தகட்டின் சூடாகப் போயிற்று. ஷிப்டு மாறும் நேரத்தில் கம்பெனிப் பேருந்துகளுக்கும் கண்டெய்னர் லாரிகளுக்கும் இடையே முப்பது முறை இவ்வாறு நின்று கிளம்பினால் ஏறத்தாழ அரை லிட்டர்.

அதன்மேல் ஏ.சி. வண்டி 20 கிலோமீட்டர் வேகத்தில் சமதரையில் ஊர்வதற்கு ஒரு கிலோவாட் போதும். வெயிலில் ஏ.சி.யின் கம்ப்ரஸருக்கோ ஒன்று முதல் மூன்று கிலோவாட் வரை வேண்டும். வண்டியை இழுப்பதைவிட உள்ளிருப்போரைக் குளிர்விப்பதற்கு மிகுதியாக உழைக்கும் நேரம் உண்டு என்றால் நம்புவீர்களா? விமானத்திலிருந்து இறங்கிய அதிகாரியிடம் ஏ.சி.யை அணைக்கிறேன் என்று சொல்லவும் முடியாது.

ஒரு கணக்கை உங்களுக்கு விட்டுச் செல்கிறேன். 100 கிலோமீட்டர் லிட்டருக்கு 20 வீதமும், அடுத்த 100 கிலோமீட்டர் லிட்டருக்கு 10 வீதமும் ஓடினால் சராசரி என்ன? என் மருமகன் உடனே 15 என்றான். முதலுக்கு 5 லிட்டர், இரண்டாவதற்கு 10 லிட்டர். 200ஐ 15ஆல் வகுத்துப் பாருங்கள், 13.3 தான். கெட்ட சாலை தன் பங்குக்கு மேல் கணக்கைக் கெடுத்துவிடுகிறது. ஐரோப்பியர் 100 கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர் என்று எழுதும் வழக்கம் இவ்வகையில் நேரானது. அப்படியே கூட்டிச் சராசரி பார்க்கலாம்.

அவன் செய்தவை இரண்டே. காலை நடையில் ஷிப்டு நெரிசலுக்கு முன்னால், அரை மணி நேரம் முன்னதாகவே புறப்படத் தொடங்கினான். முன்னே லாரி நிற்பதைக் கண்டால் தொலைவிலேயே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுகிறான். இப்போது 15.1 கிடைக்கிறது, மாதம் ஏறத்தாழ 1,400 ரூபாய் மிச்சம். மீதியை வண்டியிடம் கேட்டுப் பயனில்லை. ஆண்டு முடிந்து வாடகையைப் புதுப்பிக்கும் நாளில் அந்த நோட்டுப் புத்தகத்தை மேசைமேல் வைத்துப் பேசினான். கேட்ட முழுத் தொகையும் கிடைக்கவில்லை. தவணை கட்டும் அளவுக்குக் கிடைத்தது.

“ஏ.சி.க்குத் தனியாக ஒரு பத்தி போடட்டுமா மாமா?” என்று சென்ற வாரம் கேட்டான். போடச் சொல்லியிருக்கிறேன். சித்திரை வெயில் வரட்டும், பார்ப்போம்.