மலை மண் விடாத சீசியம்



1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணு உலை வெடித்தது. அடுத்த வாரம், அங்கிருந்து 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால், பிரிட்டனின் வடக்கு வேல்ஸ், கம்ப்ரியா மலைகளில் பலத்த மழை. காற்றில் மிதந்து வந்த கதிரியக்கச் சீசியம் மழையோடு சேர்ந்து மேய்ச்சல் நிலத்தில் இறங்கியது.

ஜூன் மாதம் அங்கே ஆடு விற்கத் தடை வந்தது. கிலோ இறைச்சிக்கு 1,000 பெக்கரல் கதிரியக்கம்தான் வரம்பு. சில ஆடுகளில் அதற்கு மேல் இருந்தது. மூன்றே வாரம்தான், பிறகு சரியாகிவிடும் என்றது அரசு.

அந்தக் கணக்கு தாழ்நிலக் களிமண்ணை வைத்துப் போட்டது. களிமண் தாதுக்களின் அடுக்குகளுக்குள் சீசியம் சிக்கிக்கொள்ளும். வேர்களுக்கு எளிதில் கிடைக்காது. மலையில் இருந்ததோ வேறு மண். மட்கிய செடிகொடிகள் நூற்றாண்டுக் கணக்கில் படிந்து உருவான, கறுத்த, புளித்த, ஈரம் வற்றாத மண் அது. களிமண் குறைவு, பொட்டாசியமும் குறைவு. சீசியம் வேதியியலில் பொட்டாசியத்தின் உறவு. பசித்த செடி அதையும் உறிஞ்சிவிடும். புல்லை ஆடு மேயும், ஆட்டின் எருவும் சிறுநீரும் மண்ணுக்கே திரும்பும், மறுபடி புல் முளைக்கும். இந்தச் சுற்றுக்கு மூன்று வாரம் எந்த மூலைக்கு?

எனக்கு மனம் பொறுக்காதது இன்னொன்று. தலைமுறை தலைமுறையாக அந்த மலையில் ஆடு வளர்த்தவர்கள் சொன்னது நிபுணர்களின் காதில் ஏறவில்லை. ஆடுகளுக்கு வைக்கோல் கொடுங்கள் என்றார் ஒரு நிபுணர். மலையில் மேய்ந்த ஆடு வைக்கோலைச் சீண்டாது என்பது அவர்களுக்குத் தெரியும். நிபுணர்கள் ஆடுகளைப் பட்டியில் அடைத்துச் சோதனை நடத்தினார்கள். திறந்த மலையில் திரிந்த ஆடு அடைத்தால் மெலியும் என்று ஆடு வளர்த்தவர்கள் எச்சரித்தார்கள், அப்படியே நடந்தது. பிரையன் வின் என்ற சமூகவியலாளர் இதையெல்லாம் பதிவு செய்திருக்கிறார்.

தாழ்நிலப் புல்லுக்கு மாற்றினால், சில வாரங்களில் ஆட்டின் உடலிலிருந்து சீசியம் பெருமளவு வெளியேறிவிடும். அதனால் ஒவ்வொரு ஆட்டையும் கருவியால் அளந்து, வரம்பு மீறியதற்குச் சாயக்குறி இட்டு, ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள்.

கடைசித் தடை நீங்கியது 2012 ஜூன் 1 அன்று. சீசியம்-137 பாதியாகக் குறையவே 30 ஆண்டுகள் ஆகும். வேறொரு மலையில் இப்படி ஒரு மழை பெய்தால், நாள் குறிப்பதற்கு முன் அந்த மண்ணை அள்ளிச் சோதியுங்கள். அங்கே ஆடு மேய்ப்பவரையும் உட்காரவைத்துக் கேளுங்கள்.