அடுப்படியில் ஓர் அமைதி

17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரக் கார்மேல் சபை மடமொன்றில் சமையல் வேலை பார்த்தவர் சகோதரர் லாரன்ஸ். போரில் காயம்பட்ட முன்னாள் படைவீரர். சமையல் அவருக்குப் பிடிக்காத வேலை. ஆனாலும் பாத்திரங்கள் உருள, நாலு பேர் நாலு பக்கமும் கூப்பிட, கோயிலில் முழங்காலிட்டிருப்பதுபோலவே ஆண்டவரோடு அமைதியாக இருப்பாராம். சட்டியில் ஆம்லெட்டைத் திருப்பிப் போடுவதும் ஆண்டவர்மேல் உள்ள அன்புக்காகத்தான்!

மனம் அலைந்தால்? தன்னை நொந்துகொள்ளமாட்டார், மெல்லத் திரும்பி வருவார், அவ்வளவுதான். எனக்கு மிகவும் பிடித்தது இந்த இடம்தான். நாமோ ஜெபத்தில் கவனம் சிதறியதற்கே அரை நாள் வருந்துகிறோம். ஆண்டவர் மன்னிப்பார் என்று நம்பிய லாரன்ஸுக்கு அந்தப் பதற்றம் இல்லை.

பிற்பாடு அவருக்குச் செருப்புத் தைக்கும் வேலை கொடுத்தார்கள். அங்கேயும் இதே பழக்கம்தான், 1691இல் கண்மூடும்வரை.